கணவாய் மை சாப்பிட்டால் மலம் கறுப்பாகுமா?

கேள்வி: வயது 52. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் எடுக்கிறேன். அலுவலக வேலையாக இத்தாலி, ஸ்பெயின் போனபோது, கணவாய் மை போட்டுச் சமைப்பதை ஒவ்வோர் உணவகத்திலும் ருசி பார்த்தேன். வெனிஸில் கணவாய்க் குழம்பும் கறுப்பு ரிசோட்டோவும் (குழைவான இத்தாலியச் சோறு), பார்சிலோனாவில் கறுப்புச் சோறும். பிறகு இரண்டு நாள் மலம் கரி மாதிரி போனது. கெட்டியாகத்தான் போனது, இப்போது சரியாகிவிட்டது. ரத்தக்கசிவோ என்று பயந்து ஆஸ்பிரினை நிறுத்திவிட்டேன். பார்சிலோனாவில் சாப்பிடும்போது உதடு கொஞ்சம் அரித்தது, ஒயினால் இருக்கலாம். அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இன்னும் சில இடங்களில் சாப்பிட ஆசை. சாப்பிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் ஆஸ்பிரின். இன்றைக்கே உங்கள் இதய மருத்துவரைக் கூப்பிட்டு, நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினால் உள்ளே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். சந்தேகம் எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மலம் கறுத்ததற்கு அந்த மைதான் காரணம் என்றே நினைக்கிறேன். மையின் கறுப்பு மெலனின் என்ற நிறமியால் வருவது. நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுப்பதும் மெலனின்தான். குடலால் அதைச் செரிக்க முடியாது, அப்படியே வெளியே வந்துவிடும். இத்தாலியில் இதற்குப் பெரும்பாலும் ஓட்டுக்கணவாயின் மையைத்தான் எடுப்பார்கள். வெனிஸில் நீங்கள் சாப்பிட்ட குழம்பில் வெங்காயம், ஒயின், கணவாய்த் துண்டு, மை எல்லாம் சேர்ந்து வேகும்; பக்கத்தில் வெள்ளைச் சோளமாவுக் களி வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் பல்லும் நாக்கும் கறுத்திருக்குமே, அதே நிறம்தான் மறுநாள் கழிவறையிலும் தெரிகிறது. நம் கடற்கரையில் கணவாய் கழுவும்போது மைப்பை உடைந்தால் கை முழுக்க அப்பிக்கொள்ளும். பெரும்பாலும் கழுவிக் கொட்டிவிடுவதால் இங்கே இந்தப் பயத்தோடு யாரும் வருவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் இப்படிக் கறுக்கும்.

இரைப்பையில் ரத்தம் கசிந்தால் வரும் மலம் வேறு மாதிரி இருக்கும். தார் போலப் பளபளப்பாக ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தலைசுற்றல், படபடப்பு, மூச்சிரைப்பும் கூடவே வரலாம். உங்களுக்கு அப்படி இல்லை. ஆனாலும் ஆஸ்பிரின் எடுக்கிறவர் என்பதால் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மை சாப்பிடாத நாளில் மலம் கறுத்தாலோ, சாப்பிட்டு மூன்று நாள் கழிந்தும் நிறம் மாறாவிட்டாலோ தாமதிக்காமல் வாருங்கள். தார் போல இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன உதட்டு அரிப்புதான். கணவாயிலும் இறாலிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் உண்டு. ஓட்டுடலி (இறால் வகை), மெல்லுடலி (கணவாய் வகை) ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமே அதுதான். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. வெனிஸில் ஒன்றும் ஆகாமல் பார்சிலோனாவில் மட்டும் ஏன் அரித்தது? அங்கே கறுப்புச் சோற்றை வெறும் தண்ணீரில் வேகவைப்பதில்லை. மீன் தலை, இறால் ஓடு போட்டுக் காய்ச்சிய சாற்றில் வேகவைத்து, மேலே பூண்டு-எண்ணெய்ச் சாந்து வைத்துத் தருவார்கள். ஆக, அரிக்க வைத்தது மையாக இருக்கலாம், கணவாய்ச் சதையாக இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத இறாலாகவும் இருக்கலாம். பச்சைப் பூண்டின் காரமும் சிலருக்கு உதட்டைக் கடிக்கும். உங்களுக்குத் தூசி ஒவ்வாமை உண்டா என்று எழுதவில்லை. தூசிப் பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இதே வகைப் புரதம் இருப்பதால், தும்மலும் மூச்சிழுப்பும் உள்ளவர்களுக்கு இறால், கணவாய் ஒத்துக்கொள்ளாமல் போவதைப் பார்க்கிறோம்.

ஒயின் மீது நீங்கள் போட்ட பழியிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மது, ஆஸ்பிரின், சாப்பிட்ட கையோடு வேகமாக நடப்பது ஆகியவை ஒவ்வாமையைத் தூண்டிவிடும். மாத்திரை, ஒயின், ஊர் சுற்றல் மூன்றும் உங்களுக்குப் பயணத்தில் ஒரே நாளில் சேர்ந்துவிடுகின்றன. இந்த முறை அரிப்போடு நின்றது, அடுத்த முறையும் அப்படியே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால், பயணத்துக்கு முன் ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். இறால், கணவாய் இரண்டுக்கும் தனித்தனியே தோல் பரிசோதனையோ ரத்தத்தில் ஐஜிஈ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையோ செய்வார். தோல் பரிசோதனை என்றால் அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவர் சரி என்று சொல்லும்வரை கணவாயும் இறாலும் வேண்டாம், மை கலந்த கறுப்பு பாஸ்தாவும் கறுப்பு ரொட்டியும்கூட வேண்டாம்.

அவர் அனுமதித்தால் தாராளமாக ருசி பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களை உணவகங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். இறால் வகையும் கணவாய் வகையும் அதில் தனித்தனி. இத்தாலியில் 'க்ரொஸ்தாச்செய்', 'மொல்லுஸ்கி' என்றும், ஸ்பெயினில் 'க்ருஸ்தாசியோஸ்', 'மொலுஸ்கோஸ்' என்றும் கேளுங்கள். மை பொட்டலங்களில் உப்பு இருக்கும், ரிசோட்டோவில் வெண்ணெய் தாராளமாக விழும். இதய நோயாளிக்கு ஒரு சிறு தட்டு போதும். மை புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மனிதர்களிடம் அதற்கு நிரூபணம் கிடையாது.

எங்கே சாப்பிட்டாலும் உதடோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இறுகினால், தலை சுற்றினால் அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே படுத்துக்கொண்டு, மூச்சு முட்டினால் உட்கார்ந்துகொண்டு, 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.