60 மீட்டர் ஒயர்ல காணாமப் போன 4 வோல்ட்

கேள்வி: வீட்டைச் சுத்தி மரம், ஒரே நிழல். அதனால 100 வாட் சோலார் பேனல் 4 வாங்கி 60 மீட்டர் தள்ளி வெட்டவெளியில ஸ்டாண்டு போட்டு மாட்டிருக்கேன். நாலும் பேரலல் (எல்லா பிளஸ்ஸும் ஒண்ணா, எல்லா மைனஸும் ஒண்ணா). வீட்டுக்குள்ள பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பிடபிள்யூஎம் கண்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, நடுவுல 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். உச்சி வெயில்லயும் 12 ஆம்புக்கு மேல ஏற மாட்டேங்குது. ஒயர் கோளாறோன்னு கண்ட்ரோலர்ல இருந்து கழட்டி மல்டிமீட்டர் வச்சேன், பேனல் பக்கமும் 20 வோல்ட், வீட்டுப் பக்கமும் 20 வோல்ட். அப்ப ஒயர் நல்லாத்தானே இருக்கு, பேனல் டூப்ளிகேட்டா?

பதில்: பேனல் மேல பழி போடாதீங்க. கழட்டிட்டு அளந்தீங்க பாத்தீங்களா, அங்கதான் ஏமாந்துட்டீங்க. கரண்ட் ஓடாதப்ப எவ்வளவு மெல்லிசான ஒயரும் ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ்தான் காட்டும். நாளைக்கு மத்தியானம் எல்லாத்தையும் மாட்டி சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு முனையிலயும் அளங்க. வீட்டுப் பக்கம் 13.5 இருந்தா பேனல் பக்கம் 17.6 கிட்ட இருக்கும், நடுவுல இருக்குற அந்த 4 வோல்ட்ட ஒயர் சாப்பிடுது.

கணக்கு இதுதான், ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. தூரம் 60 மீட்டர்னாலும் கரண்ட் போயிட்டு திரும்பி வரணும், அதனால 120 மீட்டர் (நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்). காப்பரோட ரெசிஸ்டன்ஸ் எண் (1 ஸ்கொயர் எம்எம் ஒயர் ஒரு மீட்டருக்கு இத்தனை ஓம்) 0.0172, அதை 120 ஆல பெருக்கி 6 ஆல வகுத்தா 0.344 ஓம் வரும். அதை 12 ஆம்பால பெருக்குங்க, 4.1 வோல்ட். வாட்ல பாத்தா 50 கிட்ட, சும்மா ஒயர சூடாக்கிக்கிட்டு இருக்கு. உங்க நாலு பேனலும் முழுசா குடுத்தா 22 ஆம்ப் வரணும், ஆனா 22 ஆம்ப் அந்த ஒயர்ல போகணும்னா ஒயருக்கே 7.6 வோல்ட் வேணும், பேட்டரி பக்கம் 13.5ஐயும் சேத்தா 21 ஆகுது, அவ்வளவு வோல்டேஜ் வெயில்ல சூடான 12 வோல்ட் பேனல்கிட்ட கிடையாது, அதனாலதான் 12லயே நின்னுடுது.

இப்ப எல்லாரும் உடனே தடி ஒயர் போடுங்கன்னு சொல்லுவாங்க. போடலாம், 16 ஸ்கொயர் எம்எம் போட்டா டிராப் (ஒயர் சாப்பிடுற வோல்டேஜ்) பாதிக்கும் கீழ வந்துடும், ஆனா 120 மீட்டருக்கு அதோட விலையையும் வெயிட்டையும் நினைச்சுப் பாருங்க, சில கண்ட்ரோலர் டெர்மினல்ல அது உள்ளயும் போகாது. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஒயர் அப்படியே இருக்கட்டும், நாலு பேனலையும் சீரிஸ் பண்ணுங்க, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ அடுத்ததோட மைனஸ்ல மாட்டி வரிசையா. 22 ஆம்ப் போக வேண்டிய இடத்துல 5.5 ஆம்ப்தான் போகும், வோல்டேஜ் 70 கிட்ட வரும். ஒயர்ல வீணாகுற வாட்டுக்கு கரண்ட கரண்டாலயே பெருக்கணும், அதனால கரண்ட் நாலுல ஒரு பங்குன்னா வீணாகுற வாட் பதினாறுல ஒரு பங்கு. 22 ஆம்புல 166 வாட் வீணாகும், 5.5 ஆம்புல 10 வாட்தான்.

ஆனா ஒண்ணு, பிடபிள்யூஎம் கண்ட்ரோலர வச்சுக்கிட்டு சீரிஸ் பண்ணிடாதீங்க. அது பேனல பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்து உக்கார வைக்கிற ஆளு, அதிகமா வர்ற வோல்டேஜ ஆம்பா மாத்தத் தெரியாது, பத்தாததுக்கு அந்த வோல்டேஜ்ல புகைஞ்சும் போகலாம். அதிக வோல்டேஜ ஆம்பா மாத்தத் தெரிஞ்ச எம்பிபிடி கண்ட்ரோலர் வாங்கணும், 30 ஆம்ப் போதும். வாங்கும்போது இன்புட் எத்தனை வோல்ட் வரைக்கும் தாங்கும்னு பாருங்க. உங்க பேனல் ஒண்ணோட ஓப்பன் சர்க்யூட் (எதுலயும் மாட்டாதப்ப வர்ற வோல்டேஜ், லேபிள்ல போட்டிருக்கும்) 22 வோல்ட்னா நாலுக்கு 88. குளிர்ல இது இன்னும் ஏறும், 25 டிகிரிக்குக் கீழ ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.3 சதவீதம், குளிர்காலக் காலையில 93ம் தொடலாம். அதனால 100 வோல்ட் மாடல் வேணாம், 150 எடுங்க.

இன்னொண்ணு, அளந்து பாக்கும்போது கணக்குல வர்றதை விட டிராப் ரொம்ப அதிகமா இருந்தா ஜாயிண்ட தேடுங்க. என்கிட்டயே ஒரு தடவை கணக்கும் மீட்டரும் ஒத்துப் போகவே இல்ல, ஒயர் கூடவே நடந்து போய்ப் பாத்தா ஒரு இடத்துல முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட், டேப் உருகி விரல்ல ஒட்டுது, பிரிச்சா உள்ள காப்பர் கறுத்துப் போய் கிடக்கு. அந்த முறுக்கு வேலையைப் பண்ணது யாருன்னு கேக்காதீங்க, நான்தான்.

கேள்வி: கண்ட்ரோலர பேனல்கிட்டயே ஒரு பாக்ஸ்ல வச்சுட்டு, அங்கிருந்து பேட்டரிக்கு நீள ஒயர் இழுத்தா என்ன?

பதில்: வேணாங்க. கண்ட்ரோலர் தன்னோட டெர்மினல்ல இருக்குற வோல்டேஜத்தான் பேட்டரி வோல்டேஜ்னு நம்பும். அங்க 14.4 வந்தா பேட்டரி ஃபுல் ஆகப் போகுதுன்னு கரண்ட குறைக்க ஆரம்பிச்சுடும். மேல சொன்ன அதே ஒயர்ல வெறும் 5 ஆம்ப் போனாலே 1.7 வோல்ட் காலி, பேட்டரிக்கு வந்து சேர்றது 12.7தான். அதுல லெட் ஆசிட் பேட்டரி ஒழுங்கா ஃபுல்லாகாது, நாளாவட்டத்துல உள்ள தகட்டுல சல்ஃபேட் உப்பு பிடிச்சு செத்துடும். நீள ஒயர் எப்பவும் பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல, கண்ட்ரோலர்ல இருந்து பேட்டரிக்கு ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தடி ஒயர். ஃபியூஸ பேட்டரி பிளஸ்ஸ ஒட்டியே போடுங்க, ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்ப் கொட்டுறது பேட்டரிதான்.

கேள்வி: வீட்டு போர்டுல போடுற எம்சிபி ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே பேனல் லைனுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும், அதனால சுவிட்ச் பிரியும்போது வர்ற பொறி தானா அணைஞ்சுடும். டிசி அப்படி இல்ல, 70 வோல்ட்லயே அந்தப் பொறி விடாம எரிஞ்சு எம்சிபிய உள்ளுக்குள்ளயே உருக்கிடலாம். டிசின்னு போட்ட பிரேக்கர்தான் வாங்கணும், அதுலயும் சில மாடல்ல பிளஸ் மைனஸ் குறி இருக்கும், மாத்தி மாட்டினா பொறி அணையாது. இதே காரணத்துக்காக பேனல் ஒயர்கள இணைக்கிற எம்சி4 கனெக்டரையும் கரண்ட் ஓடும்போது புடுங்காதீங்க, முதல்ல பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க.