வரப்பில் இருந்த குளவிக் கூட்டைத் தோண்டியது எது?

கேள்வி: தோட்டத்து வரப்பில் மண்ணுக்குள் பெரிய குளவிக் கூடு ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகாமல் சமாளித்தோம். நேற்றுக் காலையில் பார்த்தால், ஏதோ ஒரு விலங்கு இரவோடு இரவாக முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறது. சாம்பல் நிறத்தில் அட்டை அட்டையாக ஏதோ சிதறிக் கிடக்கிறது. குளவிகள் இன்னும் சுற்றுகின்றன. பக்கத்தில்தான் ஆடு கட்டுவோம், தேன் பெட்டிகளும் இருக்கின்றன. குழியில் பூச்சிமருந்தை ஊற்றி மூடிவிடலாமா? தோண்டிய விலங்கு பயிரைக் கெடுக்குமா?

பதில்: மருந்தை ஊற்றாதீர்கள். ஆடுகளை இடம் மாற்றுங்கள். இந்த இரண்டும் இன்றைக்கே நடக்கட்டும், மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் ஆடு. கூடு போய்விட்டது, அதனால் குளவியும் போய்விட்டது என்று நினைத்து அருகில் போகிறவர்கள்தான் அதிகம் கொட்டு வாங்குகிறார்கள். தப்பிய குளவிகள் பழைய இடத்தையே சில நாள் சுற்றும். ராணி உயிரோடு இருந்தால் அங்கேயே மறுபடி கட்டத் தொடங்கவும் கூடும். கூட்டை இழந்த குளவிக்கு எதைக் கண்டாலும் கோபம்தான். ஒன்றை அடித்து நசுக்கினால், அதன் நஞ்சிலிருந்து கிளம்பும் வாடையே மற்றவற்றைக் கூப்பிட்டுவிடும். தேனீயைப் போல ஒரு கொட்டோடு கொடுக்கை இழந்து சாகிற பிராணியும் இல்லை இது. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். மனிதனுக்கு ஓட வழி உண்டு. கயிற்றில் கட்டிய ஆடு என்ன செய்யும்? குளவி தாக்கிக் கால்நடை இறந்த இடங்களில் கயிறுதான் பாதிக் காரணம். ஐம்பது மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள், அதையும் வெயில் ஏறுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் விருந்தாளி யார் என்ற கேள்வி. இரவில் தோண்டியதால் பறவை இல்லை. பகலில் என்றால் நான் தேன் பருந்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பெயரில்தான் தேன், அது தேடுவது குளவி, தேனீப் புழுக்களை. கொட்டு உள்ளே இறங்காதபடி அதன் முகத்தில் செதில் செதிலாக இறுகிய இறகுகள் இருக்கும், மூக்குத் துளையும் மண் புகாத வெறும் கீற்று. ஐரோப்பாவில் உள்ள தேன் பருந்து 40 செ.மீ. ஆழம் வரைகூடக் காலால் பறித்துக் கூட்டை எடுத்துவிடும்.

இரவில் இந்த வேலையைச் செய்கிறவை வளைக்கரடி (பேட்ஜர்) இனத்தைச் சேர்ந்தவை. பெயரில்தான் கரடி, வளை தோண்டும் சிறிய விலங்கு அது. தேன்வளைக்கரடி இருக்கும் பகுதி என்றால் அதன் மேல்தான் என் சந்தேகம். கரடியும் செய்யும். அமெரிக்கக் கண்டத்தில் இதே வேலையை ஸ்கங்க் என்ற, நாற்றத்தைப் பீய்ச்சும் சிறு விலங்கு செய்கிறது. எல்லாமே இரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான குளவிகள் இருட்டில் பறக்காது. எதிர்ப்பு குறைவு, சாப்பாடு மொத்தமும் ஒரே இடத்தில்.

சாப்பாடு என்றது தேனை அல்ல. இந்த மாதிரிக் கூட்டில் தேன் சேமிப்பே கிடையாது. சிதறிக் கிடக்கும் அந்த அட்டைகளில் ஒன்றை, குளவிகள் முழுக்க அடங்கிய பிறகு, கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் வேலி மரத்தையும் காய்ந்த குச்சியையும் சுரண்டி, எச்சிலோடு மென்று செய்த காகிதம் அது. வெளி உறையில் வெளிர், பழுப்பு என்று கோடு கோடாகத் தெரிந்தால், ஒவ்வொரு கோடும் வேறு வேறு மரத்திலிருந்து வந்தது. அடையில் அறைகளின் வாய் கீழ்நோக்கி இருக்கும், அதற்குள் தலைகீழாகப் புழு தொங்கும். வெள்ளை மூடி போட்ட அறைகளில் கூட்டுப்புழு. கொழுத்து, மென்மையாக, கொட்டத் தெரியாத சத்து. விலங்கு வந்தது இதற்குத்தான். நான் ஒரு முறை பார்த்த கூட்டில், மூடிகள் எல்லாம் கிழிந்து அறைகள் காலியாக இருந்தன. ஓரத்து மூன்று அறைகள் மட்டும் மூடியபடி தப்பியிருந்தன. அந்தப் புழுக்களைக் குளவி வளர்த்ததும் உங்கள் தோட்டத்துப் பச்சைப்புழுக்களைப் பிடித்து மென்று ஊட்டித்தான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளவிக் குடும்பத்துக்குள்ளேயே எதிரியும் உண்டு. கறுப்பு உடம்பில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை போட்ட பெரிய கதண்டு, இலைக்கு அடியில் தொங்கும் சின்னக் காகிதக் குளவிக் கூடுகளைக் கொள்ளையடித்தே தன் புழுக்களை வளர்க்கும். எறும்புக்குப் பயந்து அந்தச் சின்னக் குளவி கூட்டின் காம்பில் ஒரு திரவத்தைத் தடவி வைக்கிறது. கதண்டிடம் அந்த வித்தை எடுபடுவதில்லை.

இப்போது மருந்து விஷயம். தோண்டிய விலங்கு ஒரே இரவில் முழுக்கத் தின்று முடிக்காமல், மறுநாளும் மிச்சத்துக்கு வரலாம். நீங்கள் குழியில் மருந்தை ஊற்றியிருந்தால் அது தின்பது மருந்தில் ஊறிய புழுவை. பகலில் தேன் பருந்து கண்டால் அடையைப் பெயர்த்துத் தன் குஞ்சுக்கும் கொண்டுபோகும். குளவியைக் கொல்லப் போய், குளவியைத் தின்கிறவர்களைக் கொல்வது என்ன கணக்கு? இவற்றில் சில பல நாடுகளில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவையும்கூட. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதும் வேண்டாம். வரப்பு மண் கெடும், காய்ந்த புல்லில் தீ பரவும்.

சும்மா விட்டுவிடுங்கள். ஒரு வாரம் தூரத்திலிருந்து பாருங்கள். வெயில் நேரத்தில் அரை மணி நேரம் பார்த்தும் குழிக்குள் ஒரு குளவிகூடப் போய்வரவில்லை என்றால், அப்போது ஈர மண்ணைப் போட்டு மிதித்து வரப்பைக் கட்டலாம். போக்குவரத்து மறுபடி கூடினால், கூடு வளர்கிறது என்று பொருள். ஆள் நடமாடும் வழி என்றால், அந்த வேலை தெரிந்தவர்களை, முழு உடைக் கவசத்தோடு வரச் சொல்லுங்கள். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு நீங்களே போக வேண்டாம், வெளிச்சத்தை நோக்கி வருகிற குளவிகள் உண்டு.

பயிர்? இந்த விலங்குகள் குளவிக்காகப் பறித்த இடத்தில் நான்கு செடி சாயலாம், அவ்வளவுதான். எனக்குக் கவலை உங்கள் தேன் பெட்டிகள்தான். குளவிப் புழு ருசி கண்ட தேன்வளைக்கரடிக்குத் தேனீப் புழுவும் அதே ருசி. பெட்டியைப் புரட்டி உடைத்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான, ஏற முடியாத தாங்கியில் வைத்து, மூடியைப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். தப்பிய குளவிகள் தேனீயைப் பிடிக்க வந்தால், பெட்டி வாசலைக் குறுக்கிவிடுங்கள்.

யாருக்காவது கொட்டிவிட்டால் முதலில் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும், பிறகு கழுவிக் குளிர் ஒத்தடம். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், தலைசுற்றல் இருந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தலைகாட்டும். ஆட்டுக்கும் இப்படியே, கால்நடை மருத்துவரிடம்.

குளவி அடங்கிய பின், பறித்த மண்ணில் கால்தடம் தேடுங்கள். 4 விரல் என்றால் நாய், நரி வகை. 5 விரல், அவற்றுக்கு முன்னால் தனியாகத் தள்ளி நீள நகத்தின் குத்து தெரிந்தால் வளைக்கரடி வகை. அதே 5 விரல் மனிதப் பாதம் அளவுக்கு இருந்தால் கரடி, அப்போது இருட்டிய பின் தனியாகத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். தடத்தின் அருகே ஒரு தீப்பெட்டியை வைத்து, மழை வருவதற்குள் படமெடுத்து அனுப்புங்கள்.