தாத்தாவின் மிலிட்டரி வண்டியும் பத்தாவது படிக்கும் மகனும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். என் அப்பா தொண்ணூறுகளில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த நிஸ்ஸான் ஒரு டன் வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஒரு காலத்தில் அதில்தான் ஃபேக்டரிக்கு இலை ஏற்றுவோம். அப்பா இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, வண்டியை யாரும் தொடவில்லை. ஆர்.சி. புக் இன்னும் அவர் பெயரில்தான். மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே என்று, இருவரும் சேர்ந்து இதைச் சரிசெய்ய ஆரம்பித்தோம். ஆசையாகத்தான் வந்தான். கார்புரேட்டரைப் பிரித்தபோது, பெட்ரோல் போகும் அளவை வைக்கிற சின்னத் துளைப் பாகமான ஜெட் ஒன்றைத் தொலைத்துவிட்டான், நான் சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொதுத்தேர்வு வருஷத்தில் இது எதற்கு, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார் மனைவி. மறுபடி மிலிட்டரிப் பச்சை அடிக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஜெட் போனால் போகட்டும். முதலில் பையனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா" என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்காமல், நேராக. பதினைந்து வயதுப் பையனுக்கு அப்பா வாயிலிருந்து அந்த ஒரு வரி வர வேண்டும். அதைச் சொல்லாமல் புது ஸ்பானர் செட்டே வாங்கி வைத்தாலும் அவன் வரமாட்டான்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றிய இன்னொன்று: அவன் இதுவரை உங்களுக்குக் கையாளாகத்தான் இருந்திருப்பான். டார்ச்சைப் பிடி, பதினான்காம் நம்பர் எடு, தள்ளு நான் பார்க்கிறேன். அந்த வேலையில் பெரியவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் மனம் ஒட்டாது. வண்டியில் ஒரு பகுதியை முழுதாக அவன் பொறுப்பில் விடுங்கள். பிளக்கில் பொறி வரவைக்கிற இக்னிஷனும் கார்புரேட்டரும் அவனுக்கு. பிரேக்கும் டயரும் உங்களுக்கும் நல்ல மெக்கானிக்குக்கும். இந்தப் பிரிவினையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏன் இக்னிஷன் என்று சொல்கிறேன். ஜபல்பூர் தொழிற்சாலையில் நிஸ்ஸான் உரிமத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டி அது. ஆறு சிலிண்டர், சுமார் 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் இத்தனை வருடம் நின்ற வண்டி. உள்ளே முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அதற்குள் திறந்து மூடும் சின்னத் தொடுமுனையான பாயின்ட்டைத் திறந்தால் கறுத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அவனே பார்க்கட்டும். பிளக் ஒயர் ஆறையும் திரும்பப் போடும்போதுதான் சுவாரசியம். ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் வெடிக்கும் ஒழுங்கு பொதுவாக 1-5-3-6-2-4. இரண்டு ஒயர் இடம் மாறினாலும் இன்ஜின் இருமும், குலுங்கும், கார்புரேட்டர் வழியாகத் துப்பும். எது மாறியது என்று அவனே கண்டுபிடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள்.

தொலைந்த ஜெட்டையும் அவனே தேடட்டும். ஜெட்டின் தலையில் பொதுவாக அளவு எண் பொறித்திருக்கும். உங்கள் கார்புரேட்டருக்கு எந்த எண் என்று விசாரிப்பதிலிருந்து வேலை தொடங்கும். ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இந்த வண்டிகளைப் பிரித்துக் கோத்தவர்கள் வெலிங்டன், குன்னூர் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். அவர்களில் ஒருவர் முன்னால் உங்கள் மகன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், போனை அவனாகவே கீழே வைப்பான். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். போன் என்றதும் எரிச்சல்பட வேண்டாம், அதற்கும் இதில் வேலை உண்டு. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் ஒரு படம், கழற்றியதைத் தனித்தனிக் கவரில் போட்டு மேலே பெயர். இந்தப் பழக்கம் இருந்திருந்தால் ஜெட்டும் தொலைந்திருக்காது, உங்கள் சண்டையும் வந்திருக்காது.

நின்றுபோன இன்ஜினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிறகு ஹேண்டில் போட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் ஊறட்டும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு டேங்கைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டை இருந்தாலும் அந்த டேங்கை வெல்டிங்குக்குக் கொடுக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்கிற வழக்கம் பட்டறைகளில் உண்டு. பையன் அதைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது. கார்புரேட்டர் வழியாகத் தீ திருப்பி அடிக்கும் ஒரு பேக்ஃபயர் போதும், முகம் வெந்துபோகும்.

பிரேக் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். கோத்தகிரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மலைப்பாதைதான். அந்தக் காலத்து வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரத்துக்கும் ஒரே இணைப்புதான் போகும். எங்காவது ஒரு குழாய் விட்டுவிட்டால் பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரமும் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உள்ளேயிருந்தே குழாய் துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் மினுமினுக்கும். அதனால் "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று எதையும் விட்டுவைக்காமல் குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இது முடியாமல் வண்டி ஷெட்டை விட்டு நகரக் கூடாது. டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், அந்த நேரத்தில் பையன் ஷெட்டில் வேண்டாம். ரிம், டயரைப் பிடித்துவைக்கும் தனி இரும்பு வளையமான லாக் ரிங் வைத்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு டயர் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது அந்த வளையம் தெறித்தால் உயிர் போகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். உங்கள் செம்மண் மழையில் சறுக்கும், கீழே பலகை போட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

இனி பச்சை நிறம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி, 1989 ஜூலை 1 முதல் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மகனுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், அந்த விதியை அவனே படித்துப் பார்க்கட்டும். அம்புக்குறி போட்ட ராணுவ நம்பரும் வேண்டாம். வேறு நிறத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும், அதில் நீங்கள் குறுக்கிடாதீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் நிறத்திலிருந்து மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும். பெயின்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் அடியில் ஈரம் தங்கி, ஒரே வருடத்தில் கொப்புளிக்கும். வெயில் காயும் மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள்.

பழைய இரும்புக்குப் போடுவதா என்பதைப் பெயின்டோ இன்ஜினோ முடிவு செய்யாது, காகிதம்தான் முடிவு செய்யும். பெரிய செலவு எதுவும் செய்யும் முன் ஆர்.சி. புக்கோடு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 உண்டு. மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, தாமதத்துக்கு ஏதாவது கட்டச் சொல்வார்கள். வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்கிறதா, சொந்த உபயோகத்துக்கா என்று பாருங்கள். சரக்கு என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான்; அதை நம்பி இறங்க வேண்டாம். பெயர் மாற்றவே முடியாது என்று தெரிந்தால், இன்ஜினை மட்டும் ஓடவைத்து ஷெட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். என் மனசுக்கு, ஓடுகிற இன்ஜினே பெரிய காரியம்தான்.

வண்டி ஓடிய அன்று அவன் ஸ்டியரிங் கேட்பான். ஸ்டார்ட் செய்யட்டும், ட்யூன் பார்க்கட்டும், ரோட்டில் ஓட்டுவது 18 வயதுக்குப் பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துக்குள்தானே என்று சரிவில் விட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

உங்கள் மனைவி சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு வரை ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவியாயிற்று என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அரையாண்டு முடிந்ததும் பொதுத்தேர்வு முடியும்வரை ஷெட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டுத் தார்ப்பாய் போடுங்கள். சாவி அவர் கையில் இருக்கட்டும். தேர்வு முடிந்து எப்போது திறப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.