குருணை கட்டிய தேனை இளக்குவது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வாங்கிய ஒரு கிலோ ரப்பர் தேனைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, எறும்புக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் பாதிக்குமேல் வெள்ளையாகக் கட்டிப்பட்டுவிட்டது. சர்க்கரை கலந்திருப்பார்களா? அடுப்பில் வைத்து உருக்கலாமா? தேனைச் சூடாக்கினால் விஷம் என்று வீட்டில் சொல்கிறார்களே?

பதில்: குருணை கட்டியதை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. கட்டாமல் இருப்பதால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் விடுவது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளும் இதற்கு விடை தராது. சந்தேகம் தீர வேண்டுமானால் ஆய்வகத்தில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். அதில் பிரக்டோஸும் குளுக்கோஸும் முக்கியமானவை. பிரக்டோஸ் எளிதில் கரைந்தே கிடக்கும். குளுக்கோஸுக்குத் தேனில் உள்ள கொஞ்சத் தண்ணீர் போதாது. மகரந்தத் துகளோ மெழுகுத் தூளோ கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு படிகமாகும். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் கட்டும். கடுகு, சூரியகாந்தித் தேன் அப்படி. ரப்பர் தேனும் அந்த வகைதான். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, தளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுத்துவந்து செய்யும் தேன் அது. உங்கள் பாட்டிலில் நடந்தது எதிர்பார்க்கக் கூடியதே.

ஃப்ரிட்ஜ் இதை விரைவுபடுத்தியிருக்கும். 14 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில்தான் தேன் மிக வேகமாகக் கட்டும். ஃப்ரிட்ஜுக்குள் போகும்போதும், வெளியே எடுத்து எடுத்து வைக்கும்போதும் தேன் அந்த வெப்பநிலையைக் கடந்துபோகிறது.

இளக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். தோசைக்கோ ரொட்டிக்கோ தடவ, வெதுவெதுப்பான நீரில் கலக்க, குருணைத் தேனே வசதி. சிந்தாது, ஒழுகாது. தேனைச் சூடாக்கக் கூடாது என்னும் ஆயுர்வேதம் போன்ற மருத்துவ மரபைப் பின்பற்றுகிறவர்கள் அப்படியே சாப்பிடுவதுதான் சரி.

இளக்குவதென்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: குறைந்த சூடு, நீண்ட நேரம். தேன்கூட்டின் உள்ளேயே குஞ்சுகள் இருக்கும் பகுதி 35 டிகிரி இருக்கும். 40 முதல் 45 டிகிரியில் குருணை மெதுவாகக் கரைந்துவிடும். அதற்குமேல் ஏற்றினால் கிடைக்கும் லாபம் வேகம் ஒன்றுதான். நஷ்டமோ பல மடங்கு. தேன் சூடுபட்டால் ஹெச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருள் உருவாகும். நம் நாட்டு உணவுத் தர விதி கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. 30 மில்லிகிராம் சேர, 50 டிகிரியில் ஐந்து முதல் ஒன்பது நாள் வரை ஆகும். 70 டிகிரியில் ஐந்து முதல் பதினான்கு மணி நேரமே போதும். இந்த அளவில் அது விஷமாகிவிடுவதில்லை. தேனின் தரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல் அது. கூடவே வாசனை பறக்கும், நொதிகள் செயலிழக்கும், நிறம் கறுக்கும், காய்ச்சிய பாகின் வாடை வரும். அடுப்பில் நேரடியாக வைத்தால் அடிப்பக்கத் தேன் தீய்ந்திருக்கும்போது நடுவில் குருணை அப்படியே நிற்கும். தேன் சூட்டை எளிதில் கடத்தாது. மைக்ரோவேவிலும் இதே கதை: ஓரிடம் கொதிக்கும், பக்கத்தில் கட்டியாகவே கிடக்கும்.

பாட்டிலை முந்தின இரவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். சில்லென்ற கண்ணாடியைச் சுடுநீரில் இறக்கினால் விரிசல் விடும். கழுத்துவரை நிரம்பியிருந்தால் இரண்டு கரண்டி எடுத்துவிட்டு மூடியை இறுக்குங்கள். திறந்து வைத்தால் நீராவி தேனுக்குள் இறங்கும்.

தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஒரு சொம்பு கொதிநீருக்கு மூன்று சொம்பு சாதாரணக் குழாய்த் தண்ணீர். தண்ணீர் 28 டிகிரி இருந்தால் கலவை 46 டிகிரி வரும். பாத்திரம் இழுத்துக்கொண்டது போக நமக்கு வேண்டிய சூடு மிஞ்சும். கோடை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே 40 டிகிரியைத் தொடுவதுண்டு, அதைக் கொண்டு கலக்காதீர்கள். பானைத் தண்ணீரை எடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஒன்றுக்கு இரண்டு சொம்பு போதும்.

இந்த நீரை உயரமான ஹாட் பாக்ஸில் ஊற்றி, அடியில் ஒரு துணி மடித்துப் போட்டு, பாட்டிலை நிறுத்துங்கள். நீர்மட்டம் தேன் மட்டத்துக்கு வர வேண்டும், மூடியை எட்டக் கூடாது. ஹாட் பாக்ஸை மூடிவிடுங்கள். அது இல்லையென்றால் குண்டானில் வைத்துக் கனமான துண்டால் சுற்றலாம்; அதில் முக்கால் மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். ஹாட் பாக்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். ஓரம் நெகிழ்ந்ததும், பாட்டிலைத் துடைத்துத் திறந்து, ஈரமில்லாத நீளக் கரண்டியால் நடுக் கட்டியை ஓரத்துக்குத் தள்ளிக் கிளறுங்கள். பாதி கட்டிய அரைக் கிலோ பாட்டில் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியும். உங்கள் ஒரு கிலோவுக்கு ஒரு பகல் முழுக்க ஒதுக்குங்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் மணல்போலக் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அந்த விதையைப் பிடித்துக்கொண்டு சில வாரத்தில் மறுபடி கட்டிவிடும். முழுக்கத் தெளியும்வரை விடுங்கள். அதே நேரம் முழு பாட்டிலையும் திரும்பத் திரும்பச் சூடாக்குவது வேண்டாம். இரண்டு வாரத் தேவையைச் சின்ன பாட்டிலில் எடுத்து அதை மட்டும் இளக்குவது மேல். பிளாஸ்டிக் பாட்டிலானால் குருணையோடு கரண்டியால் வழித்துக் கண்ணாடிக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

வெயிலில் வைக்கலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. மே மாத மொட்டைமாடியில் வேண்டாம், மூடிய காருக்குள் கட்டாயம் வேண்டாம். சூடு நம் கையில் இருக்காது.

இளக்கும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். குளுக்கோஸ் படிகமாகப் பிரிந்ததும் மேலே நிற்கும் தேன் முன்பைவிட நீர்த்துப்போகும், அதில் ஈஸ்ட் வளரலாம். நுரை, புளித்த வாடை, திறக்கும்போது காற்று வெளியேறும் சத்தம் இருந்தால் தேன் புளித்துவிட்டது, இளக்கிப் பயனில்லை. கொசுத்தேனில் (கொட்டாத சிறு தேனீயின் தேன்) இயல்பாகவே ஈரம் அதிகம், அது இன்னும் சீக்கிரம் புளிக்கும்.

இனி தேனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அடுப்புக்குத் தள்ளி, நிழலான அலமாரியில், இறுக மூடி வையுங்கள். எறும்புக்குப் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் போதும். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், இளக்கிய தேனோ இளக்காத தேனோ நாக்கில்கூடத் தடவாதீர்கள். பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். தேனை இளக்கும் சூட்டில் அவை சாவதில்லை.