திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த பேய்

ஐயா,

போன சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு திரைப்பட விழாவில் காலையிலிருந்து இரவுவரை பழைய பேய்ப்படங்கள் பார்த்தேன். ‘நொஸ்ஃபெராது’, 1931இல் வந்த ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, கடைசியாக ‘சைக்கோ’. எதற்கும் பயம் வரவில்லை. அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மௌனப்படத்தில் தூங்கியும்விட்டேன். என் ரசனையில் கோளாறா? எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

க., செந்தூல்

அன்புள்ள தம்பி,

ரசனையில் கோளாறு இல்லை. நாலு கடை நாசி கண்டார் சோற்றை ஒரே நாளில் சாப்பிட்டுவிட்டு எதிலும் ருசியில்லை என்றால் எப்படி? தூங்கியதை மன்னிக்கலாம். சிரித்ததை மன்னிக்க மாட்டேன். பக்கத்து இருக்கைக்காரனுக்குத் தைரியம் காட்டும் சிரிப்பு அது. அவனும் உங்களுக்காகத்தான் சிரித்திருப்பான்.

நீங்கள் தூங்கிய ‘நொஸ்ஃபெராது’வின் கதை தெரியுமா? 1922இல் வந்தது. டிராகுலா நாவலை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி ஜெர்மனியில் தீர்ப்பானது. அதற்கும் தப்பி எங்கெங்கோ கிடந்த பிரதிகளால்தான் அந்தக் காட்டேரி செந்தூல்காரருக்குத் தாலாட்டுப் பாட வந்தது.

இப்போது நம்மூர்க்காரியைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் பயப்படும் பெண் பேய் பொந்தியானாக். 1957இல் சிங்கப்பூரில் அவள் பேரிலேயே ‘பொந்தியானாக்’ எடுத்தார்கள். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ், பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி யாரும் வழக்குப் போடவில்லை, எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதவில்லை. ஆனாலும் இன்று ஒரு பிரதி கிடையாது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகமும் போய்விட்டது. எரிக்கச் சொன்னதை வெள்ளைக்காரன் காப்பாற்றி வைத்திருக்கிறான், யாருமே கேட்காததை நாம் தொலைத்திருக்கிறோம். சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. ஜெர்மன் பேய், அமெரிக்கப் பேய் என்று நாள் முழுக்கப் பார்த்தீர்களே, பொந்தியானாக் எங்கே என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா?

நிபோங் தெபால் பக்கம் எங்கள் தோட்டத்தில், திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் பெரியவர்கள் பாய் விரித்துவிடுவார்கள். பொடியன்களுக்குத் துணியின் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் எல்லாருமே இடக்கைக்காரர்கள். பிடரியில் ஆணி அடித்தால் பொந்தியானாக் அழகான பெண்ணாகிவிடுவாள், பிடுங்கினால் பழையபடி பேய். படத்தில் ஆணியைப் பிடுங்கிய நேரம் பார்த்துக் காற்று அடித்தது. துணி புடைத்து, அவள் முகம் எங்கள் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டுப் போனது. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் லயத்து வீட்டுக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். சருகில் கொட்டை விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மாவின் பிடி இறுகியது. உங்களுக்குப் படம் முடிந்ததும் மின்படிக்கட்டு, எல்ஆர்டி ரயில். பயம் எங்கிருந்து வரும்?

சரி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மூன்றாம் பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ (1958) தப்பியிருக்கிறது. அதைப் பாருங்கள். தனியாக, இரவில்.

மறுநாள் விடியுமுன் அம்மா அதே மரங்களுக்குப் பால் வெட்டப் போனார். மடியில் ஓர் ஆணியை முடிந்துகொண்டார். “கையிலதான் கத்தி இருக்கேம்மா” என்றேன்.

“அது தொரை குடுத்த கத்திடா. ஆணி நம்மளோடது.”