பேன் சீப்பில் ஒரு வாக்கியம்

அன்புள்ள ஐயா,

லாகீஸ் அகழாய்வில் கிடைத்த தந்தச் சீப்பைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் அகரவரிசை எழுத்துமுறையில் இதுவரை கிடைத்துள்ள முழு வாக்கியங்களில் மிகப் பழையது என்று ஆய்வாளர்கள் கருதும் ஒன்றைப் பற்றி எழுதும்போது, தாங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை பேனையும் ஈரையும் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனது எனக்கு வருத்தமளித்தது. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். பழைய நாகரிகங்களை மாணவர்கள் மரியாதையோடு அணுக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன். தொல்லியலில் நகைச்சுவைக்கு என்ன வேலை? வேற்று நாட்டுச் சீப்பு என்பதால் சிரிப்பது எளிதாக இருக்கிறது. கீழடியைப் பற்றி இப்படி எழுதத் தங்களுக்குத் துணிவு வருமா?

க.செ.,
பாளையங்கோட்டை

அன்புள்ள க.செ. அவர்களுக்கு,

வணக்கம். கட்டுரையை வாசிக்காதவர்களுக்காகச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எருசலேமுக்குத் தென்மேற்கே உள்ள லாகீஸ் மேட்டில் 2016-இல் ஒரு சிறிய தந்தச் சீப்பு கிடைத்தது. மூன்றரை சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள், மறுபக்கம் பேனும் ஈரும் எடுக்கப் பதினான்கு நெருக்கமான பற்கள் என இருந்து, எல்லாமே அடியோடு முறிந்துபோயிருந்தன. நம் ஊர்க் கடைகளில் இன்றும் விற்கும் இருபக்கப் பேன் சீப்பின் வடிவம்தான் அது. அதன் மேல் ஏதோ எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளவே சில ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வோர் எழுத்தும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் மங்கிய கீறல். பதினேழு எழுத்துகள், ஏழு சொற்கள். 2022-இல் வெளியான வாசிப்பின்படி அவை சொல்வது இது: 'இந்தத் தந்தம் தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேன்களை வேரோடு களையட்டும்.'

இதைப் படித்துவிட்டு எவராவது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தால் அவருடைய பொறுமையை நான் மதிப்பேன், ஆனால் அவர் வாக்கியத்தைச் சரியாகப் படித்தாரா என்று எனக்குச் சந்தேகம் வரும். அங்கே அன்று வாழ்ந்த கானானியர் காலத்தில் அந்த வட்டாரத்தில் யானை கிடையாது. தந்தம் வெளியிலிருந்து, பெரும்பாலும் எகிப்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே சீப்புக்கு உரியவர் வசதியானவர். அந்த வசதி அவருடைய தாடியைக் காப்பாற்றவில்லை. அன்று மிகச் சிலருக்கே கைவந்த ஒரு புதிய எழுத்துமுறையைக் கொண்டு அவர் தமக்கு எழுதிவைத்துக்கொண்டதோ எழுதச் சொன்னதோ, தலை அரிப்புக்கான வேண்டுதல். இந்தச் சிரிப்பை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. சீப்பிலேயே அது இருக்கிறது.

தாங்கள் மரியாதை என்று சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பழங்கால மனிதன் வாயைத் திறந்தால் கடவுளைப் பற்றியோ அரசனைப் பற்றியோ பேச வேண்டும். அப்படிப் பேசியவர்களும் லாகீஸோடு தொடர்புடையவர்கள்தாம். கி.மு. 701-இல் அந்நகரை அழித்த அசீரிய மன்னன் சனகெரிப், அந்த முற்றுகையைத் தன் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவர்களில் காட்சி காட்சியாகச் செதுக்கிவைத்தான். எருசலேம் மன்னன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்ததாகத் தன் பதிவுகளில் பெருமையும் அடித்துக்கொண்டான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை, ஏனென்றால் அவன் பிடிக்கவில்லை. அரசனின் கல்வெட்டைப் படிக்கும்போது அவன் எதைச் சொல்லாமல் விட்டான் என்று தேட வேண்டியிருக்கிறது. சீப்பு அப்படிப்பட்டதன்று. நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் இரண்டாவது பல்லில் அரை மில்லிமீட்டர் அளவில் இளம்பேனின் மேல்தோல் எச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதியபடியே வேலை நடந்திருக்கிறது. பழங்கால வாசகம் ஒன்று தன் வாக்குறுதியை நிறைவேற்றியதற்கு ஆய்வகச் சான்று கிடைப்பது எத்தனை அரிது என்பது தங்களுக்குத் தெரியாததன்று.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும், கட்டுரையில் அதை நான் அவசரமாகக் கடந்துவிட்டேன். சீப்பு கிடைத்த குழி அதைவிடப் பிற்பட்ட காலத்தது. கரிமக் காலக்கணிப்புக்கான முயற்சியும் பலிக்கவில்லை. கி.மு. 1700-ஐ ஒட்டியது என்பது எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்வது. ஆகவே 'மிகப் பழைய வாக்கியம்' என்பதை அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில சமயம் சிரிப்பை அந்தக் காலத்தவரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லண்டன் நகரில் 2010-க்கும் 2014-க்கும் இடையே ஓர் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் ரோமானியர் காலத்து இரும்பு எழுத்தாணிகள் சுமார் இருநூறு கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் துருவை நீக்கியபோது அதன் நான்கு பக்கங்களிலும் இலத்தீன் எழுத்துகள் தெரிந்தன. அது ஏறக்குறைய கி.பி. 70-ஐச் சேர்ந்தது. நகரத்திலிருந்து வருகிறேன், என்னை நினைவில் வைத்துக்கொள்ளக் கூர்முனையுள்ள பரிசு ஒன்று கொண்டுவந்தேன், வழி எவ்வளவு நீளமோ என் பை எவ்வளவு காலியோ அவ்வளவு தாராளமாகக் கொடுக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது அதன் சாரம். பெருநகரம் போய்வந்தவன் கையில் காசில்லாமல் மலிவான பரிசொன்றை வாங்கிவந்து வாய்ச்சாலகத்தால் சமாளிக்கிறான். இதைச் சிரிக்காமல் விளக்கவுரை எழுதுவதுதான் அவனுக்குச் செய்யும் அவமதிப்பு.

அதற்காக எல்லாச் சிரிப்பையும் நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று வேடிக்கையாகவும் வேடிக்கையில்லாமலும் சொல்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2013-இல் செங்கடல் ஓரத்தில், வாதி அல்-ஜர்ஃப் என்னும் பழைய துறைமுகத்தில், பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தலே தலைமையிலான குழு, கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னன் காலத்துப் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவை. மெரெர் என்னும் மேற்பார்வையாளர் தம் ஆட்களோடு துரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு படகில் கீசாவுக்குப் போவதும், இறக்கிவிட்டுத் திரும்புவதும், இரவு எங்கே தங்கினார்கள் என்பதும் நாள்தோறும் அதில் பதிவாகியிருக்கின்றன. இன்றைய லாரி டிரைவரின் டிரிப் ஷீட்டை நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே வைத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அத்தனை பேர் முதுகு ஒடிய உழைத்ததற்குக் கணக்கு இருக்கும்போது, அந்தப் பெயரை வானத்திலிருந்து வந்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பதுதான் என் பார்வையில் கேலி. படகுக் கணக்கைப் படித்துப் புன்னகைப்பவன் குறைந்தபட்சம் மெரெரை நம்புகிறான்.

கீழடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். துணிவு தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், சிரித்தால் ஒரு தரப்பு அடிக்க வரும், சிரிக்காவிட்டால் மறுதரப்பு சிரிக்கும். ஆனாலும் எழுதுவேன். 2018-ஆம் ஆண்டு அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் ஐம்பத்தாறு கிடைத்தன. சங்கப் பாடலின் ஓர் அடியாவது அவற்றில் இருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. இருந்தவை ஆதன், குவிரன் போன்ற பெயர்கள். பானை தன்னுடையது என்று ஆதன் எழுதிவைத்திருக்கிறான், அவ்வளவுதான். கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை என்பதால், எழுதத் தெரிந்த ஒருவரே எல்லோருக்கும் எழுதிக்கொடுத்ததாகச் சொல்வது கடினம்.

எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. பானையை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஓர் அண்டைவீட்டாரை நினைத்துத்தான் ஆதன் பெயரைக் கீறினான் என்று வைத்துக்கொள்வோம். அந்த அண்டைவீட்டாருக்குப் படிக்கத் தெரிந்திருந்தால்தான் அந்தக் கீறலால் பயன் உண்டு. ஆகவே கீழடியில் எழுத்தறிவு எவ்வளவு பரவியிருந்தது என்று வாதிடுபவர்கள் ஆதனை மட்டும் சான்றுக்கு அழைத்தால் போதாது, பானையைத் தராமல் இழுத்தடித்தவரையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

அன்புடன்.