கனடாவில் குடும்ப ஸ்பான்சர் என்றால் என்ன?

கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர், தம் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரை அங்கேயே நிரந்தரமாக வாழ அழைத்துக்கொள்வதுதான் குடும்ப ஸ்பான்சர். வங்கிக் கடனுக்கு இன்னொருவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். வருகிறவரின் சாப்பாடு, உடை, தங்குமிடம் என் பொறுப்பு என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அவருடைய செலவு பொதுப்பணத்தின் மேல் விழக்கூடாது என்பதே காரணம்.

கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் இந்தப் பொறுப்பு துணைக்கு 3 ஆண்டு, பெற்றோருக்கு 20 ஆண்டு. இடையில் வேலை போனாலும், விவாகரத்தே ஆனாலும் தீராது. வந்தவர் அரசின் சமூக உதவிப் பணம் வாங்கினால் கையெழுத்திட்டவரே திருப்பிக் கட்டவேண்டும். 20 ஆண்டு சின்னக் காலமல்ல. நிதானமாக யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

திருமணம் உண்மையானதா என்றும் பார்ப்பார்கள். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது. பேசிய அழைப்புகளின் பதிவு, சேர்ந்து பயணித்த டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

"கணவரைப் பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று அஞ்சி அடியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். 2 ஆண்டு சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை 2017-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, உண்மையான திருமணத்தின்பேரில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் பிரிந்தாலும் அந்த உரிமை அவருடையதே.